உலகப் பாதுகாப்பு நிபுணருக்கு எண்ணூர் காட்டிய கதை

வெளிநாடு போய்வந்தவர்கள்தான் பயணக் கட்டுரை எழுதுவார்கள். என் விஷயத்தில் வெளிநாடே விமானம் ஏறி ராயபுரத்துக்கு வந்து இறங்கியது. வந்தவருக்கு வெயில் ஆகாது. நான் பிறந்து வளர்ந்த தெருக்களில் மூன்று நாள் அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு நடந்தேன். தெரிந்தவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும், நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

நான் திருவொற்றியூர் தேரடிக்காரி. தொழில் மொழிபெயர்ப்பு. வெளியுறவுக் கொள்கை, வல்லரசுப் போட்டி, உலகப் பாதுகாப்பு என்று ஆங்கிலத்தில் செங்கல் கனத்துக்கு வருகிற புத்தகங்களைத் தமிழுக்குக் கொண்டுவருகிறேன். நீங்களும் கடையில் பார்த்திருப்பீர்கள். அட்டையில் கட்டாயம் ஒரு சதுரங்கப் பலகை இருக்கும், இல்லாவிட்டால் உலக உருண்டை. உருண்டையின் தலையிலேயே சதுரங்கக் காயை நிறுத்திவைப்பதும் உண்டு. அது கெட்டி அட்டைப் பதிப்பு. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஐ.ஏ.எஸ். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள். அவர்களும் பாதியில் கழன்றுகொள்வார்கள். கடைசி வரி வரை படித்தவள் நான் ஒருத்திதான், வேறு கதியில்லாமல்.

எனக்கு முன்னால் இந்த வேலையைச் செய்த புண்ணியவான் 'அரசுசாரா நடிகர்கள்' என்று ஒரு சொல்லைப் போட்டுவைத்துவிட்டுப் போயிருந்தார். கடத்தல்காரர், கடற்கொள்ளையர், தொண்டு நிறுவனத்தார் எல்லோரையும் ஒரே கூடையில் அள்ளிப்போட ஆங்கிலத்தில் இருக்கும் சொல்லை அப்படியே பெயர்த்துவிட்டார். படித்தால், கோடம்பாக்கத்தில் சான்ஸ் கிடைக்காமல் திரிகிறவர்கள் போல இருக்கும். நான் அதை 'அரசு சாராத் தரப்புகள்' என்று மாற்றினேன். இந்தத் துறையில் என் சாதனை அவ்வளவுதான்.

இப்படி நான் பெயர்த்த புத்தகம் ஒன்றை எழுதியவர்தான் நம் நிபுணர். பேரைப் போடவேண்டாம் என்று பதிப்பாளர் கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால் நிபுணர் என்றே வைத்துக்கொள்வோம். இந்தியப் பெருங்கடலின் பாதுகாப்பைப் பற்றி அவர் எழுதியதில் கடல் தண்ணீர் தவிர எல்லாம் இருக்கும். அடுத்த புத்தகத்துக்குக் 'களம்' வேண்டுமாம். பதிப்பாளர் போன் போட்டார். "மேடம், சார் உங்க ஏரியாவைத்தான் பாக்கணும்கிறார். மூணே நாள். உங்களை விட்டா யார் இருக்கா?"

முடியாது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. கஸ்தூரியை நினைத்துத்தான் அடக்கிக்கொண்டேன்.

கஸ்தூரி நெட்டுக்குப்பத்துக்காரி. எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து எங்கள் தெரு வரைக்கும் மீன்கூடையோடு வருவாள். அவள் வீட்டுக்காரர் ஏழுமலை, காசிமேட்டிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிற போட்டில் டிரைவர். பொங்கலுக்கு முன்னால் போனவர். ஆடி பிறந்துவிட்டது. வங்கக் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு நாட்டின் ஜெயிலில் இருக்கிறார். அந்த நாட்டின் பேரை எழுதமாட்டேன். எழுதினால் அதற்கும் ஒரு நிபுணர் கிளம்பி வருவார். கூடப் போனவர்களை விட்டுவிட்டார்கள். போட்டை ஓட்டியவரை மட்டும் விடவில்லை.

நிபுணரின் புத்தகத்தில் நன்றிப் பக்கம் என்று ஒன்று உண்டு. ஊரில் உள்ள எல்லாப் பெரிய மனிதர்களுக்கும் நன்றி. அதில் அந்த நாட்டின் வெளியுறவு ஆலோசகருக்கும் ஒரு வரி: 'என் நெடுநாள் நண்பருக்கு, அவர் வீட்டு மொட்டைமாடியில் கழித்த மாலைகளுக்காக.' பெயர்த்தவள் நான்தானே, மறக்குமா? கஸ்தூரியிடம் சொன்னேன். கூடையை இறக்கிவைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவுரு ஒரு வார்த்தை சொன்னா வுட்டுடுவாங்களாக்கா?"

"கேட்டுப் பார்க்கலாம் கஸ்தூரி. என்னால முடிஞ்சது கேக்கறேன்."

அன்றிலிருந்து நல்ல மீனாகப் பார்த்து எனக்கென்று தனியாக எடுத்துவைக்க ஆரம்பித்தாள். சாப்பிடும்போதெல்லாம் தொண்டையில் முள் மாட்டின மாதிரியே இருந்தது.

முதல் நாள் காலை, ராயபுரம். ஓட்டல் கார் வந்து நின்றது. உள்ளிருந்து பாக்கெட்டால் ஆன ஒரு சட்டை இறங்கியது. அதற்குள் நிபுணர் இருந்தார். சிவந்த முகம், நல்ல சிரிப்பு. கையை நீட்டி, தமிழில் 'வணக்கம்' என்றார். இதைச் சொல்லியே ஆகவேண்டும், ஆள் மரியாதை தெரிந்தவர். கடைசி வரைக்கும் எனக்குக் கதவு திறந்துவிட்டார்.

அவருக்கு முதலில் துறைமுகத்தை உயரத்திலிருந்து பார்க்கவேண்டுமாம். பாலத்து மேல் வண்டியை நிறுத்தினோம். கிரேன்களைப் பார்த்தார், தலையை ஆட்டினார். "ஒரு தேசத்தின் கழுத்து இதுதான்" என்றார். பின்னால் தண்ணி லாரிக்காரன் ஹாரனை அழுத்தின அழுத்தில் தேசத்தின் கழுத்தை அத்தோடு விட்டுவிட்டு ஓடிவந்து காரில் ஏறினோம்.

எண்ணூர் விரைவுச் சாலை என்று பேர் வைத்தவர் யாரோ, அவரைக் கூட்டிவந்து ஒரு நாள் அங்கே நிறுத்தவேண்டும். முன்னால் கன்டெய்னர் லாரி, பின்னால் கன்டெய்னர் லாரி, பக்கத்தில் கன்டெய்னர் லாரி. டிரைவர்கள் இறங்கி லாரிக்கு அடியில் நிழலில் படுத்துவிட்டார்கள். ஒருத்தர் ஸ்டவ் பற்றவைத்துக் குழம்பு கொதிக்கவிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் கார் ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு, "மேடம், நீங்க நடந்துட்டா சீக்கிரம் போயிடுவீங்க" என்று உள்ளதைச் சொன்னார்.

"எங்கள் ஊரில் துறைமுகத்தில் மனித நடமாட்டமே இருக்காது" என்றார் நிபுணர், குடைக்குள் நடந்துகொண்டே. "வேலி, காமிரா, தானியங்கி வண்டிகள். ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்." பெருமையாகத்தான் சொன்னார். எனக்கு அவர் ஊர்மேல் பரிதாபம் வந்தது. குழம்பு வாசனை இல்லாத துறைமுகம் என்ன துறைமுகம்?

ஷேர் ஆட்டோ பிடித்தோம். ஏற்கெனவே உள்ளே ஒரு குடும்பமே இருந்தது. ஓட்டுகிறவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "யக்கா, சாரை முன்னாடி குந்தச் சொல்லு. கால பார்த்தா ரெண்டு ஆளு கால் மாறி கீது" என்றார். நிபுணர் ஓட்டுநர் சீட்டில் பாதியும் காற்றில் பாதியுமாக உட்கார்ந்து வந்தார். திருப்பத்தில் எல்லாம் ஓட்டுநர் ஒரு கையால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார். அத்தனை பாக்கெட்டுக்கும் அதுதான் ஒரே பிரயோஜனம்.

சாயங்காலம் பீச் ஸ்டேஷன் எதிரில் அத்தோ சாப்பிடக் கூட்டிப்போனேன். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த பண்டம். நூடுல்ஸ், கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாம் கையால் பிசைந்து, மேலே மொறுமொறு பேஜோவை நொறுக்கிப் போட்டு, கூட வாழைத்தண்டு சூப்போடு தருவார்கள். கடைக்காரர் தன் அப்பா ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவர் என்று சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது. நிபுணருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. பர்மாவின் கேந்திர முக்கியத்துவம், எண்ணெய்க் குழாய், எந்த வல்லரசுக்கு அங்கே என்ன அவசரம் என்று நின்றுகொண்டே ஒரு அத்தியாயம் சொன்னார். கடைக்காரர் பிசைந்த கையோடு காத்திருந்தார்.

"இன்னாக்கா சொல்றாரு?"

"பர்மா முக்கியமான நாடாம்."

"அது கெடக்கட்டும். காரம் போடவா வேணாமான்னு கேளு. பின்னாடி ஆளு நிக்குது."

காரம் போட்டார்கள். நிபுணர் அழுதுகொண்டே இரண்டாவது தட்டும் வாங்கினார். அந்தச் சமயம் பார்த்து ஆலோசகரின் பேரை எடுத்தேன். "ஓ, அவரா! மாதத்தில் இரண்டு தடவையாவது பேசிக்கொள்வோம்" என்றார். அப்படியானால் நாளைக்கு ஒரு பெண்ணைப் பார்க்கவேண்டும், அவள் வீட்டுக்காரர் அந்த நாட்டில்தான் இருக்கிறார் என்றேன். "அற்புதம்!" என்றார். அந்தச் சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வீட்டுக்குப் போனதும் கஸ்தூரிக்குப் போன் போட்டு, வரச்சொன்னேன்.

மறுநாள் விடிகிற நேரத்துக்குக் காசிமேடு. ஏலக் கூச்சல், ஐஸ் உடைக்கிற சத்தம், காலுக்கடியில் மீன் தண்ணீர். நிபுணர் ஒரு சுறாவைப் படம் எடுக்கப் பின்னால் நகர்ந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ரெண்டு பெண்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். "கலீஜாயிட்ச்சி பாரு, பாவம்" என்று ஒருத்தி தன் முந்தானையாலேயே அவர் முதுகைத் துடைத்துவிட்டாள். அவர் ஊரில் இப்படி அந்நியர் யாரும் தொடமாட்டார்கள் என்றார். தொடாமல் எப்படித் தூக்குவார்கள் என்று கேட்டேன். ஆம்புலன்ஸ் வருமாம்.

கஸ்தூரி புடவையை மாற்றிக்கொண்டு, தலைக்குப் பூ வைக்காமல், ஐஸ் ஃபேக்டரி சுவரோரமாக நின்றிருந்தாள். கூடை கொண்டுவரவில்லை. அன்றைய வியாபாரத்தையே விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

நடந்ததைச் சொன்னாள். நான் ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"நடுக்கடல்ல ஒரு போட்டு இன்ஜின் நின்னுபோயி ஆடிகினு இருந்துச்சாம். அந்த நாட்டுப் போட்டு. குடிக்கத் தண்ணி கூட இல்லாம அஞ்சாறு பேரு படுத்துகெடந்தாங்களாம். எங்கூட்டுக்காரரு கயிறு போட்டு கட்டி, இஸ்துகினு போயி, அவுங்க கரையாண்டயே கொண்டுபோயி வுட்டாரு. அதான் தப்பாம். நம்ம கரைக்கு இஸ்துகினு வந்திருந்தா கூட வேற கதை."

"ஏன் அவர்கள் கரைக்கே போனார்? எல்லை தெரியாதா?" நிபுணர் கேட்டார்.

"எல்லை தெரியும் சார். ஆனா அவுங்க வூடு அங்கதானே கீது? நின்னுபோன போட்ட இஸ்துகினு வந்தா, அவுங்கவுங்க கரைல வுடறதுதான் எங்க வயக்கம். ஆந்திரா போட்டுன்னா ஆந்திரால வுடுவோம். பாதில கயிறு அவுத்து வுட்டுட்டு வந்தா அப்பால எந்த மூஞ்சிய வச்சிகினு கடலுக்குப் போறது?"

நிபுணர் கண்களில் விளக்கு எரிந்தது. எனக்கு அந்த விளக்கைத் தெரியும். புத்தகத்துக்குப் பக்கம் கிடைத்துவிட்ட விளக்கு. போட்டு எண் என்ன, இப்படி எத்தனை தடவை இழுத்துப் போயிருக்கிறார், அந்தக் கரையில் தெரிந்தவர்கள் உண்டா என்று கேள்விமேல் கேள்வி. கஸ்தூரி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கேட்கிற ஆள் அக்கறையாகக் கேட்கிறார், அப்போ காரியம் ஆகும் என்று நினைத்துவிட்டாள். கடைசியில் கை கூப்பினாள். "அந்த ஆலோசகர் சாராண்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சார். பேரு ஏழுமலை. நெட்டுக்குப்பம் ஏழுமலை."

"பார்க்கிறேன்" என்றார் நிபுணர். உடனே திரும்பி, போனை வாய்க்குக் கிட்டே வைத்து, தனக்குத்தானே பேசிப் பதிவுசெய்தார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். "எல்லை கடந்த, முறைசாராப் படகு இழுவை வலையமைப்பு. உதவி என்ற போர்வை. அரசு சாராத் தரப்புகள்." நான் பாடுபட்டுத் தமிழில் திருத்திய அதே சொல், ஏழுமலைமேல் விழுந்தது.

மத்தியானம் மெஸ்ஸில் இறால் தொக்கும் கடம்பா என்கிற கணவாய் வறுவலுமாக வளைத்துக்கட்டினார். எனக்கு இறங்கவில்லை. "வலையமைப்பும் இல்லை, போர்வையும் இல்லை. ஒரு கயிறு, அவ்வளவுதான்" என்றேன். "நீங்கள் உள்ளூர்க்காரர். அருகிலிருந்து பார்ப்பதால் உங்களுக்குத் தெரியாது" என்றார், விரலை நக்கிக்கொண்டே. இதைச் சொல்ல எங்கே படித்தாரோ! அவர் நண்பருக்குப் போன் போடுவாரா மாட்டாரா என்று நேராகவே கேட்டேன். ஆய்வாளர் என்பவர் நடுநிலையில் இருக்கவேண்டும் என்றார். நடுநிலையாம். மொட்டைமாடியில் உட்கார்ந்து குடிக்கும்போது எங்கே போயிருந்தது நடுநிலை?

மூன்றாம் நாள் நெட்டுக்குப்பம். ஒரு பக்கம் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள், ஒரு பக்கம் ஆறு, எதிரே கடல். முகத்துவாரத்தைத் தண்ணீரிலிருந்து பார்க்கவேண்டும் என்று நிபுணர் ஆசைப்பட்டதால், கஸ்தூரியே தன் கொழுந்தன் செல்வத்தைப் பிடித்து பைபர் போட்டுக்கு ஏற்பாடு செய்திருந்தாள். மனுஷனைக் குளிர்விக்க அவளால் முடிந்தது அதுதான். "போய்ட்டு வாங்க, நண்டு வச்சிகீறேன்" என்று கரையில் நின்று கையாட்டினாள்.

ஆடிக் காற்று. நிபுணர் முழநீளக் காமிராவை நீட்டி, கிரேனை, சுவரை, கப்பலை எடுத்துக்கொண்டே இருந்தார். ஆறு கடலில் சேர்கிற இடத்துக்கு வந்தபோது, தண்ணீரில் மிதந்த பழைய வலை ஒன்று எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டது. எஞ்சின் ஒரு தடவை இருமிவிட்டு நின்றது. செல்வம் குனிந்து அறுத்தான், இழுத்தான், திட்டினான். தண்ணீர் வடிகிற நேரம். போட்டு அது பாட்டுக்குக் கடலுக்குள் நழுவ ஆரம்பித்தது. அலை தூக்கிப் போட்டது. நிபுணர் காலையில் சாப்பிட்ட இட்லியை இந்தியப் பெருங்கடலிடம் ஒப்படைத்தார்.

நான் சிரிக்கவில்லை, எனக்கும் உயிர் பயம்தான். எனக்கு நீச்சல் தெரியாது. கடல் பாதுகாப்பைப் பற்றி இத்தனை புத்தகம் பெயர்த்தவளுக்கு நீச்சல் தெரியாது, போதுமா?

அந்த வழியாகத் திரும்பிக்கொண்டிருந்த வேறு குப்பத்துப் போட்டு ஒன்று எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. யார், என்ன என்று அந்த ஆள் கேட்கவேயில்லை. கயிற்றைத்தான் வீசினார். செல்வம் கட்டிக்கொண்டே, "நெட்டுக்குப்பத்தாண்ட இஸ்துகினு போண்ணே" என்று கத்தினான். நிபுணர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "எது பக்கத்துக் கரையோ அங்கே! எந்தக் கரையாக இருந்தாலும் சரி! சொல்லுங்கள்!" சொன்னேன். பக்கத்துக் கரை எது என்றால், துறைமுகச் சுவருக்கு உட்பட்ட, யாரும் கால் வைக்கக் கூடாது என்று மூன்று மொழியில் பலகை போட்ட கரை.

"அங்க போனா பேஜாரு சாரு" என்றார் அந்தப் போட்டுக்காரர். நிபுணர் இன்னொரு தடவை வாந்தியெடுத்தார். "சரி, ஆளு பூடுவாரு போல கீது" என்று சொல்லி, இழுத்துப்போய் அந்தக் கரையிலேயே விட்டார். கயிற்றைச் சுருட்டிக்கொண்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

மணலில் கால் வைத்து நிமிர்வதற்குள் துப்பாக்கியோடு நாலு பேர். காமிராவைப் பார்த்ததும் அவர்கள் முகம் மாறியது. வெளிநாட்டு ஆள், நீளக் காமிரா, தடை செய்யப்பட்ட கரை. அவர்கள் மேல் ஒரு குற்றமும் சொல்லமாட்டேன். தகரக் கூரை போட்ட அறையில் உட்காரவைத்தார்கள். செல்வத்தை வெளியே வெயிலில் குந்தவைத்தார்கள். அதிகாரி இந்தி கலந்த ஆங்கிலத்தில் பொறுமையாகத்தான் விசாரித்தார்.

நிபுணர் கொதித்துவிட்டார். "நாங்கள் அத்துமீறவில்லை! எங்களை இழுத்துவந்தார்கள்! ஆபத்தில் இருக்கும் படகுக்கு எந்தக் கரையும் கதவடைக்கக் கூடாது, உதவி செய்பவரைத் தண்டிக்கக் கூடாது. கடலின் மிகப் பழைய விதி இது!" எல்லாம் அவருடைய புத்தகத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் இருக்கிற வரி. நானே பெயர்த்தது. வாய் சும்மா இருக்கவில்லை எனக்கு. "இதையேதானே ஐயா நேற்று கஸ்தூரி சொன்னாள்? அவள் சொன்னால் வலையமைப்பு, நீங்கள் சொன்னால் விதியா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "நீங்கள் சொல்வது சரி" என்றார். "வெளியே போனதும் என் நண்பருக்குப் போன் செய்கிறேன். சத்தியமாக." கண் கலங்கித்தான் இருந்தது. இந்த மூன்று நாளில் அந்த ஒரு நிமிஷம் அந்த மனிதரை எனக்குப் பிடித்தது.

தன் நாட்டுத் துணைத் தூதரகத்துக்கு ஒரே ஒரு போன் போட்டார். எங்களுக்குக் கொடுத்த டீ ஆறவில்லை, அதிகாரியின் போன் அடித்தது. காமிராவிலிருந்து படங்களை அழித்துவிட்டு, போகலாம் என்றார்கள். நிபுணர் எழுந்திருக்கவில்லை. "வெளியே இருக்கிறாரே, செல்வம், அவரையும் அவர் போட்டையும் விட்டால்தான் போவேன்" என்றார். பேர் சொல்லிக் கேட்டார். செல்வத்தை நன்றாகத் திட்டிவிட்டு அனுப்பினார்கள். இருக்கிறதைச் சொல்லவேண்டும், அதைச் செய்தார் மனுஷன்.

வாசலில் கஸ்தூரி, இழுத்துவிட்ட போட்டுக்காரர் சொல்லித் தெரிந்து, நெட்டுக்குப்பத்துப் பெண்கள் நாலைந்து பேரோடு, மூச்சிரைக்க நின்றிருந்தாள். செல்வத்தைப் பார்த்ததும் தோளில் ஒரு அடி போட்டாள், அப்புறம் அவன் தலையைத் தடவினாள். "உன்னியும் உள்ள வச்சிடுவாங்கன்னு நெனச்சி உசுரே பூட்ச்சிடா." பிறகு என்னிடம் வந்தாள்.

"எப்டிக்கா வுட்டாங்க?"

"அவர் போன் போட்டார்."

"ஒரே போனா?"

"ஒரே போன்."

அவள் நிபுணரைத் திரும்பிப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது? சாமி புறப்பாட்டில் கூட அவளை அப்படி நான் பார்த்ததில்லை. "அந்த மாறி ஒரு போனு எங்கூட்டுக்காரருக்கும் போடச் சொல்லுக்கா. இப்பவே. இவுரு சொன்னா வுட்றாங்களே!"

நான் சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை. நிபுணர் ஏற்கெனவே போனை எடுத்துவிட்டார். "நான் வாக்குக் கொடுத்தேன்" என்றார். பெண்கள் கப்சிப் ஆனார்கள். கஸ்தூரி அவருக்குக் கை எட்டும் தூரத்தில் போய் நின்று, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

மணி அடித்தது. எடுத்தார்கள்.

"நண்பா! நீ நம்பமாட்டாய், என்னைக் கைதுசெய்துவிட்டார்கள்!" சிரிப்பு. அந்தப் பக்கமும் சிரித்திருக்கவேண்டும், இவர் இன்னும் பலமாகச் சிரித்தார். படகு நின்றது, அலை, துப்பாக்கி, தகரக் கூரை, எல்லாம் நடித்துக் காட்டாத குறையாகச் சொன்னார். துப்பாக்கிக்காரர்கள் நாலு பேர் பத்துப் பேரானார்கள். "புத்தகத்தின் முதல் அத்தியாயமே இதுதான்" என்றார். உன் மனைவிக்கு உடம்பு எப்படி இருக்கிறது? குளிர்காலத்தில் மாநாட்டுக்கு வருகிறேன். அந்த மொட்டைமாடி இருக்கிறதல்லவா, கொசு இல்லையே? நான் எதிரில் நின்று கையால் சைகை காட்டினேன். இரு என்று ஒரு விரலைத் தூக்கினார். "ஆமாம், மீனவர்கள்தான். ரொம்ப நல்ல மனிதர்கள். உங்கள் பக்கமும் இப்படித்தானே?" என்றார். இப்போது சொல்லப்போகிறார் என்று மூச்சைப் பிடித்தேன். "சரி, நேரில் பேசுவோம்" என்று வைத்துவிட்டார்.

சைகை காட்டின கையை இறக்கினேன்.

"அவளிடம் சொல்லுங்கள்" என்றார் நிபுணர், போனைப் பாக்கெட்டில் போட்டபடி. "தளம் அமைத்துவிட்டேன். இந்த மாதிரி விஷயங்களில் முதல் பேச்சிலேயே குறிப்பான கோரிக்கையை வைக்கக் கூடாது. முதலில் நம்பிக்கையை வளர்க்கும் நடவடிக்கை. பிறகுதான் மற்றது." பொய் சொல்கிற முகம் இல்லை அது. ஏதோ செய்துவிட்டோம் என்று உண்மையிலேயே நம்பினார், அதுதான் கொடுமை. 'நம்பிக்கையை வளர்க்கும் நடவடிக்கை' என்பதை எத்தனை புத்தகத்தில் எத்தனை தடவை தமிழாக்கியிருப்பேன்! ஒரு தடவைகூட நாக்கு இப்படிக் கூசியதில்லை. வயிறு எரிந்தது எனக்கு. அவர்மேல் எரிந்ததைவிட, இவளைக் கூட்டிவந்து இங்கே நிறுத்திய என்மேல் அதிகமாக எரிந்தது.

கஸ்தூரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதையாவது நல்லதாகச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் தலையை ஆட்டினாள்.

"வேணாங்கா. நான் காத தீட்டிகினு கேட்டுகினேதான் இருந்தேன். இங்கிலீசு எனக்குத் தெரியாது. ஆனா எந்த பாசைல பேசினாலும் எங்கூட்டுக்காரரு பேரு ஏழுமலைதானேக்கா? அது வரவேயில்லியே."